மெய்ன் மாநிலம், இரண்டு பக்கங்களுக்குள்

மார்ச் 9

காலையில் கனெக்டிகட்டிலிருந்து நல்லபெருமாள் என்பவர் கூப்பிட்டார். தமிழ்ச் சங்கங்கள் சேர்ந்து ஜூலையில் நடத்தும் விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். அமெரிக்காவின் கடலோர மாநிலங்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் அங்கே வாழும் ஒரு தமிழர் இரண்டு பக்கம் எழுத வேண்டும். நியூ ஜெர்சிக்கு எழுத ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். மெய்னுக்கு ஆளே இல்லை.

"போர்ட்லேண்ட்ல நம்ம குடும்பங்க இருக்காங்களே சார்?" என்று நழுவப் பார்த்தேன்.

"அவங்க எல்லாருக்கும் வேல இருக்குதாம். நீங்க வீட்லதான் இருக்கீங்கன்னு சொன்னாங்க."

சொன்னவர் யாரென்று தெரிந்தால் நன்றாகக் கேட்டுவிடுவேன். ஆனால் உண்மை அதுதான். கடலூரில் புள்ளியியல் துறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். மாவட்டக் கையேட்டில் மழையளவு முதல் மாட்டு எண்ணிக்கை வரை என் கை படாத பக்கம் இருக்காது. இங்கே என் விசாவில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மங்கையர்க்கரசி டாக்டர், நான் டாக்டரின் கணவன். சமைக்கிறேன், துவைக்கிறேன், பனி வாருகிறேன்.

இங்கே வந்து மேற்படிப்பு படித்த வெளிநாட்டு டாக்டர்கள் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால், டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு விதி. அந்த விதி எங்களைத் தூக்கி வந்து போட்ட இடம் ஹார்லோ கோவ். மெய்னின் கிழக்குக் கோடியில் ஒரு துண்டுக் கடற்கரை. ஜூன் 30-ஆம் தேதியோடு மூன்று வருடம் முடிகிறது. அடுத்த நாள் டல்லாஸ். அண்ணன் அங்கே இருக்கிறான். அவன் வீட்டுக்கு எதிர் வீட்டையே எங்களுக்குப் பேசி வைத்துவிட்டான்.

மலர் அச்சாகி ஆகஸ்டில் தபாலில் வருமாம். முகவரி கேட்டார். டல்லாஸ் முகவரியைச் சொன்னேன். சொல்லும்போதே அந்த ஊர் வெயில் பட்ட மாதிரி உடம்பு சூடானது.

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காலண்டரில் சிவப்புப் பேனாவால் இன்றைய தேதியை அடித்தேன். இன்னும் 113 நாள்.

மார்ச் 12

கட்டுரைக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தாயிற்று. கையேட்டு முறைப்படி: எல்லை, பரப்பு, மக்கள்தொகை, விளைபொருள்.

எல்லை. அமெரிக்காவில் ஒரே ஒரு மாநிலத்தோடு மட்டும் எல்லையைப் பகிரும் மாநிலம் இது ஒன்றுதான். மேற்கே நியூ ஹாம்ப்ஷயர். மற்ற பக்கமெல்லாம் கனடாவும் கடலும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போதும் என்று முடிவு செய்துவிட்ட மாநிலம்.

மாநில மலர். இங்கேதான் சிரிப்பு வந்தது. வெள்ளைப் பைன் மரத்தின் காய்தான் இவர்களுக்கு மாநில மலர்! பூவே இல்லை அது. மங்கையிடம் சொன்னேன். "பூக்கலேன்னா என்ன, அதுவும் மரத்துலதானே இருக்கு" என்றாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. அவள் அதை நினைத்துச் சொல்லவும் இல்லை. சிரித்தாள், அவ்வளவுதான்.

மார்ச் 15

எதிர்வீட்டு லோரெய்ன் ஒரு புத்தகம் கொடுத்தாள். லோரெய்னுக்கு அறுபத்தைந்து வயது. காலையில் படகெடுத்துச் சிங்கி இறால் பிடிக்கிறவள். செவ்வாயும் வியாழனும் மதியத்தில் ஊர் அலுவலக எழுத்தர். இந்தப் பக்கத்து ஊர்களில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒரு கூடத்தில் உட்கார்ந்து ஊர்க் காரியங்களுக்குக் கை தூக்குகிறார்கள். அதற்காக அச்சடிக்கிற ஆண்டறிக்கைதான் அந்தப் புத்தகம். பிறந்தவர், இறந்தவர், கல்யாணம் செய்தவர், எத்தனை நாய்க்கு உரிமம், எல்லாம் அதில் உண்டு.

முதல் பக்கத்தில் பிறப்பு ஏழு என்று இருக்கிறது. உள்ளே பட்டியலில் ஆறு பெயர்தான். ஊர் மக்கள்தொகை 640 என்பது ஏழு என்பதை வைத்துப் போட்ட கணக்கு. ஆக 639.

லோரெய்னிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "ஏழு வருஷமா இதை நான்தான் போடறேன். யாருமே பார்த்ததில்ல" என்றாள்.

"எங்க ரெண்டு பேரையும் சேர்த்தா 639?"

"போகப்போறவங்களை எப்படிச் சேர்க்கறது?"

நியாயம்தான். ஜூலையில் கழிக்கிற வேலை அவளுக்கு மிச்சம். அறிக்கை முழுவதையும் சிவப்பு மையால் திருத்தி முடித்தேன். பதினொரு பிழை. கேட்டவர் யாரும் இல்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 20

பனி. மூன்று முறை வாரினேன். 102.

மார்ச் 29

குவாடி முனைக்கு வண்டி ஓட்டிப் போனேன். அலாஸ்காவையும் தீவுகளையும் விட்டுவிட்டால் அமெரிக்காவின் கிழக்கு ஓரம் அதுதான். கோயில் மதில் போலச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த கலங்கரை விளக்கம். பட்டைகளை எண்ணினேன்: பதினைந்து. புத்தகத்தில் இருப்பதும் பதினைந்து. எண்ணைப் பார்த்து எழுதுகிறவன் குமாஸ்தா, எண்ணிப் பார்த்து எழுதுகிறவன் புள்ளியியலாளன் என்று எங்கள் பழைய உதவி இயக்குநர் சொல்வார்.

இந்த மண்ணின் ஆதிக்குடிகள் தங்களை விடியல் நிலத்து மக்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும்.

இரண்டு பக்கத்துக்குள் அடங்காது போலிருக்கிறது.

ஏப்ரல் 6

ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் காலையில் மங்கைக்கு ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. மதியம்தான் வந்தாள். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இப்போது அடிக்கடி இப்படித்தான். பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம். டேஷ்போர்டு பெட்டியைத் திறப்பாள், மூடுவாள். ரேடியோ கேட்கிறாள் போல.

வந்ததும் சாம்பாரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 14

அண்ணன் பேசினான். "எதிர் வூட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்கடா. என்ன கலர் வேணும்னு மங்கையைக் கேட்டுச் சொல்லு."

கேட்டேன். "எதுனாலும் சரிங்க" என்றாள்.

அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். அவளுடைய புத்தக அலமாரிக்கு மட்டும் கை போகவில்லை. அவளே கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஜன்னல் ஓரத்தில் தயிர் டப்பாக்களில் தக்காளி விதை போட்டிருக்கிறாள். இந்தக் குளிரில் அது ஆகஸ்டில்தான் காய்க்குமாம். லோரெய்னுக்குக் கொடுத்துவிட்டுப் போவாளாக இருக்கும்.

ஏப்ரல் 27

பனி உருகி ஊரே சேறு. இங்கே இதை ஒரு பருவமாகவே சேர்த்துச் சொல்கிறார்கள். கட்டுரையில் பருவங்கள் ஐந்து என்று எழுதினேன்.

வாசற்படியில் இன்று ஒரு வாளி. உள்ளே ஈரச்சாக்கு மூடிய நான்கு சிங்கி இறால். யார் வைத்தது என்று தெரியாது. டாக்டர் வீட்டு வாசலில் பொருளை வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போவதுதான் இந்த ஊர் வழக்கம். உருளைக்கிழங்கு, வெட்டிய விறகு, ஒரு முறை கம்பளிக் காலுறை. நன்றி சொல்லலாம் என்றால் ஆள் கிடைக்காது. இந்த வருடம் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. வழியனுப்புகிறார்கள்.

மிளகும் பூண்டும் அரைத்துப் போட்டுத் தொக்கு வைத்தேன். மங்கை ஓட்டைக் கூட விடவில்லை.

லோரெய்ன் கடல் ஏறி வற்றும் நேரம் போட்ட அலை அட்டவணை ஒன்றைக் கொடுத்து, "கட்டுரை கட்டுரைன்னு கடற்கரையெல்லாம் சுத்தறே. இதைப் பார்த்துட்டுப் போ" என்றாள்.

"நான் கடலூர்க்காரன். கடலைப் பார்த்துத்தான் வளர்ந்தேன்" என்றேன்.

"உன் கடல் இது இல்ல."

கடலில் உன்னது என்னது என்று ஒன்று உண்டா என்ன? அட்டவணையை அடுப்படி இழுப்பறையில் போட்டுவைத்தேன்.

மே 4

ஞாயிறு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

மெய்னைச் சுற்றி மூவாயிரத்துக்கு மேல் தீவுகள் என்று எழுதியிருந்தேன். ஒன்றையாவது மிதிக்காமல் எழுதுவதா? ஊருக்குத் தெற்கே கரையிலிருந்து ஒரு சின்னத் தீவுக்குக் கூழாங்கல் பாதை ஒன்று கடலுக்குள் போகிறது. காலை எட்டு மணி. பாதை காய்ந்து கிடந்தது. லாரி டயர் தடம்கூட இருந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்தினேன். வேறு வண்டி வந்தால் போகட்டும் என்று மரியாதையாக ஓரம் கட்டி நிறுத்தினேன்.

தீவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினேன். கழுகுக் கூடு ஒன்று பார்த்தேன். நாவல் நிறத்தில் பாறை. குறிப்பெடுத்தேன். திரும்பி வந்தால் பாதையைக் காணவில்லை. கடல் இருந்தது. அதன் நடுவில் எங்கள் வண்டியின் கூரை மட்டும் தெரிந்தது, எருமை முதுகு மாதிரி.

கடலூரில் கடல் ஏறுவதும் வற்றுவதும் மூன்று அடி. வருடம் முழுவதும் அதைக் கவனிக்காமலே வாழ்ந்துவிடலாம். இங்கே பதினெட்டு அடி. அந்த எண் என் குறிப்பிலேயே இருந்தது, பக்கம் 4-இல், என் கையெழுத்தில். எழுதினேன், எண்ணிப் பார்க்கவில்லை.

முட்டாள்தனத்துக்கு மேல் முட்டாள்தனமாகத் தண்ணீரில் இறங்கினேன். நாலு அடி வைப்பதற்குள் கால் மரத்துவிட்டது. பாறையில் ஒட்டியிருந்த சிப்பி பாதத்தைக் கிழித்தது. பயந்துபோனேன். ஏறி உட்கார்ந்து சட்டையைக் கழற்றி ஆட்டினேன். அரை மணி கழித்து லோரெய்ன் படகில் வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மங்கை ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்த மருத்துவமனையைத் திறந்து ஏழு தையல் போட்டாள். கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் கேட்டாள்.

"தண்ணியில ஏன் இறங்குனீங்க?"

"வண்டி போச்சேன்னு."

"வண்டிக்காகவா?" சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க இல்லாம நான் எந்த ஊர்ல இருந்து என்னங்க பண்ணப் போறேன்?"

எந்த ஊரில் என்று ஏன் சொன்னாள் என்று அப்போது தோன்றவில்லை.

மூன்றரை மணிக்கு நீர் வற்றி வண்டி வெளியே வந்தது. லோரெய்னின் லாரி இழுத்து வந்தது. இனி அது வண்டி இல்லை, இரும்பு. உள்ளே இருந்ததையெல்லாம் லோரெய்ன் வாளியில் அள்ளித் தன் வீட்டுக் கொடியில் கவ்வி போட்டுக் காயவைத்தாள். வண்டிப் பதிவுத்தாள், ஒரு கையுறை, மங்கையின் துப்பட்டா, ஒரு கடிதம். நான் நொண்டிக்கொண்டு போய் எடுத்தேன்.

கடிதம் டேஷ்போர்டு பெட்டியில் இருந்ததாம். மருத்துவமனை நிர்வாகக் குழு மங்கைக்கு எழுதியது. தேதி ஜனவரி 15. இன்னும் மூன்று வருடம் தொடர்ந்து இருக்கக் கேட்டுக்கொள்கிறார்கள். சம்மதமென்றால் கீழே கையொப்பமிட்டு மே 31-க்குள் கொடுக்க வேண்டும். கையொப்பம் போடுகிற கோட்டின் மேல் எழுத்து எதுவும் இல்லை. நீலமாக ஒரு கறை இருந்தது. தண்ணீர் பட்டு ஓடிய மை.

ஊரில் எல்லோரும் பந்துமுனைப் பேனாவில் எழுதுகிறார்கள். மைப்பேனா வைத்திருப்பது அவள் ஒருத்திதான்.

லோரெய்ன் பார்த்துக்கொண்டிருந்தாள். கவ்விகளை எண்ணி டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மே 5

கடிதத்தை அவளுடைய வெள்ளைக் கோட்டுகளோடு சேர்த்து இஸ்திரி போட்டேன். மேலே துணி விரித்துச் சூடு குறைத்து. சுருக்கம் போயிற்று, கறை போகவில்லை. என் கட்டுரைக் கோப்பில் வைத்திருக்கிறேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

எதற்கு நான் சொல்ல வேண்டும்? ஜனவரியிலிருந்து நான்கு மாதம் ஒளித்து வைத்தவள் அவள்தானே. கோபம்தான், மறைப்பானேன்.

மே 8

தையலைப் பார்க்க வரச் சொன்னாள். மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்தக் காத்திருப்பு அறையில் நோயாளியாக உட்கார்ந்தேன். சாப்பாட்டு டப்பாவை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறவன் நான்.

ஒன்பது பேர் இருந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஒரு பெரியவர் பக்கத்தில். பெயர் வின்ஸ்லோவாம்.

"இந்தம்மா வரதுக்கு முன்னாடி பதினாலு மாசம் இங்க டாக்டர் இல்ல" என்றார். "பேங்கோர் ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். பனியில போக முடியாது. என் சம்சாரம் போக முடியாமத்தான் போனா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ஓ, வண்டியைக் கடல்ல விட்டவர் நீங்கதானா?"

அசடு வழிந்தேன்.

"அவங்களைக் கூட்டிட்டுப் போறவரும் நீங்கதானா?"

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அறையில் எல்லோரும் பத்திரிகையைப் படிக்கிற மாதிரி இருந்தார்கள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வாசற்படியில் வாளி வைக்கிறவர்கள் வழியனுப்பவில்லை, போகாதீர்கள் என்கிறார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது.

மே 9

காலண்டரில் அடிக்க மறந்துவிட்டேன். நாளை சேர்த்து அடிக்க வேண்டும்.

மே 13

கட்டுரையை உட்கார்ந்து எழுதினேன். காலை எட்டுக்கு ஆரம்பித்து மாலை ஆறு வரை. சோறு வைக்கவில்லை, மங்கைக்கு ரொட்டிதான். எல்லை, பரப்பு, தீவு, காடு, மாஸசூசெட்ஸிலிருந்து 1820-இல் பிரிந்த கதை, அகஸ்டா தலைநகரம், ப்ளூபெர்ரி என்கிற காட்டு அவுரிநெல்லி, வடக்கே உருளைக்கிழங்கு வயல். நாட்டிலேயே வயதானவர்கள் விகிதம் அதிகம் உள்ள மாநிலம் என்பதை எழுதும்போது வின்ஸ்லோவின் ஆக்சிஜன் குழாய் நினைவுக்கு வந்தது. கடைசியில் எடுத்துக்காட்டுக்கு ஒரு கடலோர ஊர் என்று ஹார்லோ கோவ். அலை பதினெட்டு அடி என்பதை இரண்டு இடத்தில் எழுதினேன்.

பதினொரு பக்கம் வந்துவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன். வெட்டுவது அவர் பாடு.

மே 17

நல்லபெருமாள் பேசினார்.

"சார், ரெண்டு பக்கம் கேட்டா பதினொண்ணு அனுப்பிட்டீங்க."

"வெட்டிக்கோங்க."

"வெட்டறேன். ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு நாளை எண்ணிட்டிருக்கேன்னு மார்ச்ல சொன்னீங்க. இதப் படிச்சா அப்படித் தெரியலையே?"

புள்ளிவிவரம்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மே 18

மதியம் மங்கை கட்டுரையைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒன்றுமில்லாத வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். பதினொரு பக்கத்தையும் படித்தாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஹார்லோ கோவ் மக்கள்தொகை 641-ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"லோரெய்ன் அறிக்கையைத் திருத்தி 639-ன்னுதானே சொன்னீங்க?"

"அது போன வருஷக் கடைசிக் கணக்கு."

"இந்த வருஷம் என் பேஷண்ட் ஆல்டன் போயிட்டார். ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயித்துக்கிழமை. நான்தான் பக்கத்துல இருந்தேன். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கேத்திக்குப் பொண்ணு பொறந்துது. ஒண்ணு போய் ஒண்ணு வந்தாச்சு. அப்பவும் 639-தான்." தலை நிமிர்ந்தாள். "இந்த ரெண்டு பேர் யாருங்க?"

பதினான்கு வருடம் கூட்டல் கழித்தலில் யாரும் என்னைப் பிடித்ததில்லை. எழுதும்போது யோசித்து எழுதவில்லை. கை எழுதியது. அதைச் சொன்னால் நம்புவாளா?

போய்க் கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அதைத் தொடாமல் பார்த்தாள். அழுதுவிட்டாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நான்கோ ஐந்தோ முறைதான் அவள் அழுது பார்த்திருக்கிறேன்.

"கடல் எடுத்துக்கிச்சுன்னு நெனச்சேங்க. அப்பாடான்னு இருந்துது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தா உங்க சிவப்புக் கோடு. தயிர் எடுக்கத் திறந்தா சிவப்புக் கோடு. மூணு வருஷமா நான் பாக்கறேன். வேலய விட்டுட்டு என் பின்னாடி வந்து துணி துவைச்சுக்கிட்டு இருக்கற மனுஷன்கிட்ட இன்னும் மூணு வருஷம்னு எந்த வாயால கேக்கறது? ஜனவரிலயே கையெழுத்துப் போட்டேன். கொடுக்கத்தான் முடியல. தினமும் வண்டியில எடுத்துப் பாப்பேன், வெச்சுடுவேன்."

ரேடியோ கேட்கவில்லை அவள்.

"சரி, இருக்கலாம்" என்றேன்.

"வேணாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காக இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒருத்தருக்காக ஒருத்தர் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது போதும். டல்லாஸுக்குப் போனா நானும் அதைத்தான் பண்ணுவேன். உங்களுக்கு இங்க இருக்க ஒண்ணு இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா போயிடலாம். நெஜமாத்தான் சொல்றேன்."

எனக்கு இங்கே என்ன இருக்கிறது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஊரில் நான் பத்துப் பேரோடுகூடச் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. சம்பளம் வாங்கும் வேலை கிடையாது. வண்டியும் கடலில்.

43 நாள். எழுதிவிட்டேனே தவிர அடிக்கவில்லை.

மே 20

மழை. தக்காளி நாற்று ஒரு சாண்.

மே 22

வியாழன். வண்டிப் பதிவை ரத்து செய்ய ஊர் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு அறை, ஒரு மேசை, லோரெய்ன். சுவரில் ஒன்று மாட்டியிருந்தது. நான் சிவப்பு மையால் திருத்தின ஆண்டறிக்கை, பக்கம் பக்கமாகப் பிரித்து, பதினொரு பிழையும் தெரிகிற மாதிரி.

"இதை எதுக்கு மாட்டி வெச்சிருக்கே?" மானம் போகிறதே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"வர்றவங்ககிட்ட காட்டறேன். ஏழு வருஷத்துல இதை யாரோ முழுசாப் படிச்சிருக்காங்கன்னு." அச்சுத்தாளில் என்னமோ எழுதிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு எண்ணு வராது. அடுத்த மார்ச்சுக்கு யாரு பார்ப்பான்னு தெரியல. சம்பளம் கிம்பளம் ஒண்ணும் இல்ல, சாமி. ஊர் வேலை, சும்மாதான் பார்க்கணும்."

மேசையில் 1950-களிலிருந்து எல்லா வருட அறிக்கையும் அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்துப் புரட்டினேன். 1962-இல் இறப்பு பத்து, பட்டியலில் ஒன்பது பேர். அப்போதிருந்தே இப்படித்தானா?

"அந்த ஒருத்தர் யாரு?" என்றேன்.

லோரெய்ன் கண்ணாடியை இறக்கினாள். "தெரியாது. உட்காரு, பார்க்கலாம்."

ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். அந்தப் பத்தாவது ஆள் கிடைத்தார். பக்கத்து ஊர்க் கல்லறைப் பதிவேட்டில் இருந்தார். கடலில் போய் ஒரு மாதம் கழித்துக் கிடைத்தவர். பெயரைப் பென்சிலில் பட்டியலில் சேர்த்தேன். அந்தப் பெயரை எழுதும்போது எனக்கு என்ன சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடமாக இப்படி ஒரு சந்தோஷம் இல்லாமல்தான் இருந்திருக்கிறேன், அது இல்லை என்பதுகூடத் தெரியாமல்.

வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னேன்.

"அடுத்த மார்ச் அறிக்கையை நான் பாக்கணும். அதுக்கு முன்னாடி எழுபது வருஷத்து அறிக்கை கெடக்கு. எல்லாமே தப்பு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்காகச் சொல்லலையே?"

"உனக்காகன்னா டல்லாஸ்ல இன்னும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கே. நான் லோரெய்னை நம்ப முடியாம சொல்றேன்."

கறைக்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, மறுபடி கையெழுத்துப் போட்டாள். இந்த முறை என்னுடைய சிவப்புப் பந்துமுனைப் பேனாவில். அது தண்ணீருக்கு ஓடாது. காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். நடந்து போங்க என்றாள்.

மே 25

அண்ணனிடம் சொன்னேன். "பெயிண்ட் அடிச்சாச்சுடா" என்றான். அவனுக்கு வருத்தம்தான். எனக்கும்தான். டிசம்பரில் பத்து நாள் அங்கே போய் இருப்பதாகச் சொன்னேன். இந்தப் பனியிலிருந்து தப்பிக்க அது ஒரு வழி.

நல்லபெருமாளுக்கு மலர் அனுப்பும் முகவரியை மாற்றி எழுதினேன்.

ஜூன் 30

லோரெய்னின் உறவுக்காரரிடமிருந்து ஒரு பழைய வண்டி வந்துவிட்டது. அலை அட்டவணை டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. வேறொன்றும் அதில் இல்லை, பார்த்தேன். பாத்திரப் பெட்டிகளைப் பிரித்தாயிற்று. காலண்டரைக் கழற்றிய இடம் மட்டும் ஃப்ரிட்ஜில் வெள்ளையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21

மலர் வந்தது. சரியான வீட்டுக்கு வந்தது. பதினொரு பக்கத்தை இரண்டாக வெட்டிவிட்டார். தீவுகள் போய்விட்டன. சேற்றுப் பருவம் போய்விட்டது. பைன் காய் தப்பித்தது, 641 தப்பித்தது. குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் வெட்டியிருக்கிறார்.

மங்கை தோட்டத்திலிருந்து தக்காளியை மடியில் கட்டிக்கொண்டு வந்து என் தோளுக்கு மேல் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். கட்டுரையின் கீழே சின்ன எழுத்தில் ஆசிரியர் குறிப்பு. மார்ச்சில் நான் சொன்னது அப்படியே நின்றுவிட்டது. அனுப்புகிற முகவரியை மாற்றினேன், இதை மாற்றச் சொல்லவில்லை. ஊரார் பிழையையெல்லாம் சுவரில் மாட்டும்படி செய்தவன் நான். லோரெய்னுக்குத் தெரிந்தால் இதையும் மாட்டிவிடுவாள்.

ஆயிரம் பிரதி போயாயிற்றாம். நல்லபெருமாளுக்கு எழுதிவிட்டேன். அடுத்த மலரில் எங்காவது ஒரு மூலையில் போட்டால் போதும்:

பிழைதிருத்தம். பக்கம் 86, கடைசி வரி. "கட்டுரையாளர் தற்போது டல்லாஸில் வசிக்கிறார்" என்பதை "ஹார்லோ கோவில் வசிக்கிறார்" என்று திருத்திப் படிக்கவும்.